கேட்டுத்தான் தருவேன்

எழுபதுகளின் நடுப்பகுதியில், சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட இருந்த ஒரு பாமசியில் நான் வேலை செய்த காலத்தில் நடந்தது இது. கொழும்பில் படித்து, சோதினை பாஸ் பண்ணி, மருந்தாளராகப் பதிவும் செய்துகொண்டு ஊருக்குத் திரும்பியிருந்தேன். கோப்பாயில் இருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினால் பின்னேரம் வரை நின்றபடியே வேலை. மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் ஒரு பெண் நிற்பதை அந்தப் பக்கத்துச் சனம் அப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருந்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலாளிக்கு என்னைவிட என் சேர்ட்டிபிக்கற்தான் முக்கியம். பதிவு செய்த மருந்தாளர் இல்லாமல் பாமசி நடத்தக் கூடாது என்பது சட்டம். ஆகவே அதைக் கண்ணாடி போட்டு, லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்தார். காலையில் கடை திறந்ததும் லட்சுமிக்கு ஊதுபத்தி காட்டுகிற கையோடு அதற்கும் ஒரு சுற்றுக் காட்டுவார். எனக்கு அந்த மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை. வாயை மூடிக்கொண்டு, கேட்டதை எடுத்துக் கொடுத்தால் போதும் என்பது அவருடைய எண்ணம்.

என் வாய் அப்படி மூடுகிற வாய் இல்லை. யாருக்கு மருந்து, எப்போது தொடங்கியது, வேறு என்ன குடிக்கிறார் என்று கேட்காமல் ஒரு குளிசைகூட என் கையை விட்டுப் போகாது.

ஆனால் எங்கள் பக்கத்தில் கேட்டு அறிவது லேசான காரியம் இல்லை. நோயில் கிடக்கிற வருத்தக்காரர் தானாகக் கடைக்கு வருவது அபூர்வம். சந்தைக்கு யார் போகிறாரோ அவரிடம் சொல்லி விடுவார்கள். வெங்காயம் விற்க வந்தவர் முன்வீட்டுக்காரரின் இருமலுக்குப் பாணி மருந்தும், பெறாமகளின் வயிற்றுக்குத்துக்குக் குளிசையும், தன் முழங்காலுக்கு எண்ணெயும் சேர்த்துக் கேட்பார். யாருக்கு என்ன செய்கிறது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. "காய்ச்சல் இருக்கோ?" என்றால் "ஓம்" என்பார். "காய்ச்சல் இல்லையோ?" என்றாலும் "ஓம்" என்பார். கேட்ட பிள்ளையின் மனம் நோகக் கூடாது, தானும் கெதியாய்ப் போக வேண்டும். அவ்வளவுதான் அந்த ஓமின் அர்த்தம்.

அதனால் ஓம் போட முடியாத கேள்வியாகக் கேட்கப் பழகினேன். நேற்று விடிய எழும்பினதில் இருந்து என்ன நடந்தது என்று சொல்லுங்கோ என்பேன். அவர்கள் சொல்லத் தொடங்கினால் கதை நீளும், வரிசையும் நீளும், முதலாளியின் முகமும் நீளும். சனம் எனக்கு 'அப்புக்காத்து' என்று பட்டம் வைத்துவிட்டது. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்கிற வக்கீலுக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர். அப்புக்காத்து நிக்கிறா, பொய் சொல்ல ஏலாது என்று என் காது கேட்கவே சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்குச் சந்தை நாள். வெங்காய லொறிகள் வீதியை அடைத்து நின்றன, கடைக்குள்ளும் கால் வைக்க இடம் இல்லை. வரிசையில் நின்ற ஒரு அக்காவின் முறை வந்தது. முப்பது வயது இருக்கும். தலை வாரி, பூ வைத்து, பெரிய குங்குமப் பொட்டோடு நல்ல சேலை கட்டியிருந்தார். வாந்தி, சத்தி நிற்பதற்கும், நன்றாக நித்திரை வருவதற்கும் குளிசை வேண்டும் என்றார்.

"ஆருக்கு அக்கா?"

"எனக்குத்தான்."

நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். சத்தி எடுத்துக் களைத்த முகம் இல்லை அது. உதடு காயவில்லை, கண் சோரவில்லை. ஒரு காலை வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஓடுவதற்கு ஆயத்தமாக நின்றார். காலில் தோட்டத்துச் செம்மண் அப்பியிருந்தது. அவரிடம் இருந்து தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், மணம் வந்தது. அதற்குள்ளே இன்னொரு மணமும் இருந்தது. அது என்ன என்று உடனே எனக்குப் பிடிபடவில்லை.

எப்போது தொடங்கியது என்று கேட்டேன், காலமை என்றார். சாப்பிட்டீர்களா என்றேன், ஓம் என்றார். என்ன சாப்பிட்டீர்கள் என்றேன், வாசலைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்ற ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது. மனிசி கேட்கிறதைக் கொடுத்து அனுப்பினால் என்ன, நாங்கள் எல்லாம் வேலைவெட்டி இல்லாமலா நிற்கிறோம் என்று சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டதும் முதலாளி கதிரையை விட்டு எழும்பி வந்தார்.

"உந்த விசாரணையெல்லாம் ஆருக்குப் பிள்ளை? தெரிஞ்ச ஆக்கள்தானே" என்று சொல்லிக்கொண்டே நித்திரைக் குளிசை இருந்த லாச்சியைத் திறந்தார். நான் அதை ஒரே தள்ளாகத் தள்ளி மூடினேன். அவருடைய விரல் தப்பியது அவர் செய்த புண்ணியம்.

"ஆருக்கெண்டு தெரியாமல் உதைக் குடுக்க மாட்டன்" என்றேன். சொல்லிவிட்டு, அந்த அக்காவின் கையைப் பிடித்து மருந்து அலுமாரிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பெட்டிகள் அடுக்கிய ஒரு வாங்கு கிடந்தது. இரண்டு பெட்டியைக் கீழே இறக்கி அவரை இருத்தினேன்.

வருத்தத்தைப் பற்றித் திரும்பவும் கேட்டால் அவர் திரும்பவும் பொய்தான் சொல்லியிருப்பார். அதனால் தோட்டத்தைப் பற்றிக் கேட்டேன். என்ன போட்டிருக்கிறீர்கள் என்றேன். வெங்காயம் என்றார். எப்படிப் பிடித்திருக்கிறது என்று கேட்டதுதான் தாமதம், அவ்வளவு நேரமும் ஓம் மட்டும் சொன்ன வாய் திறந்துகொண்டது. தாள் முழுக்கப் புழு, ஒரு கிழமையில் தின்று முடித்துவிடும் போல இருக்கிறது, அதுதான் இவர் விடியப்புறமே எழும்பிப் பூச்சிமருந்து அடித்தவர் என்றார். இன்றைக்கு அவ்வளவு அவசரமாக ஏன் என்று கேட்டேன். பின்னேரம் கணவரின் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்களாம், அதற்கு முன்னம் வேலையை முடிக்க நினைத்தாராம். அதைச் சொன்னதும் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

"இண்டைக்குப் பாத்துக் குடிச்சிட்டார் தங்கச்சி" என்றார்.

பிறகு எல்லாம் கொட்டுப்பட்டது. கணவர் கொஞ்சக் காலம் முன்பு வரை கள்ளுத் தவறணைக்குப் போய்வந்தவர். தங்கைக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கியதும், பிள்ளையாருக்கு முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணி விட்டிருந்தார். இன்றைக்குத் தோட்டத்தால் வந்தவர் தலையிடிக்கிறது என்று இருந்தாராம். பிறகு சத்தி. வாயால் எச்சில் வடிகிறதாம், நாக்குக் குழறுகிறதாம், கால் பின்னுகிறதாம், குளித்தவர் மாதிரி வேர்வை ஓடுகிறதாம். மருந்தடித்துவிட்டு அப்படியே தவறணைக்குப் போயிருக்கிறார் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் கண்டால் சம்பந்தம் முறிந்து போகும், அந்தப் பிள்ளையின் வாழ்க்கை போகும். ஆகவே தலையில் தேசிக்காய் தேய்த்து, தோட்டத்துக் கொட்டிலில் படுக்க வைத்து, சாக்கால் மூடிவிட்டு வந்திருக்கிறார். அவர்கள் வந்து போகும் வரை மனிதன் அசையாமல் கிடக்க வேண்டும். அதற்குத்தான் நித்திரைக் குளிசை.

தேசிக்காய் மணத்துக்குள் இருந்த மற்ற மணம் பூச்சிமருந்து என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"வாயிலை கள்ளு மணந்ததோ அக்கா?"

அவர் அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தார். "இல்லை" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது புதினமாக இருந்தது போல, என் முகத்தைப் பார்த்தார்.

கண்ணைப் பார்த்தீர்களா என்றேன். கண்மணி சின்னப் புள்ளி மாதிரிச் சுருங்கிக் கிடந்ததாம். சேட்டுப் போட்டுக்கொண்டா அடித்தார் என்றேன். வெறும் மேலோடுதான், மருந்தடிக்கிற பம்ப் ஒழுகுகிறது, முதுகெல்லாம் நனைந்துபோய் வந்தார் என்றார். குளித்தாரா என்று கேட்டேன். குளிக்கவில்லை.

 அது குடிவெறி இல்லை. முதுகுத் தோலால் ஊறி உள்ளே இறங்கிய நஞ்சு. அந்த உடம்புக்கு நித்திரைக் குளிசையும் கொடுத்தால் மூச்சு மெல்ல மெல்ல அடங்கும். சாக்கால் மூடிக் கிடக்கிறவரை வெறியில் கிடக்கிறார் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் பலகாரம் சாப்பிட்டு முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

உடனே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும் என்றேன். அக்கா மாட்டேன் என்றார். வீட்டு வாசலில் கார் வந்து நின்றால் அயல் முழுக்கத் தெரிந்துவிடும், அவர்கள் வந்து போகட்டும், பிறகு பார்ப்போம், இப்போதைக்குச் சத்திக்கு மட்டுமாவது ஏதாவது தாருங்கள் என்று கெஞ்சினார். அவரை மட்டும் அனுப்பினால் பின்னேரம் வரை ஒளித்துத்தான் வைத்திருப்பார் என்பது எனக்கு நிச்சயம். நானும் வருகிறேன் என்று எழும்பினேன்.

முதலாளி வாசலை மறித்தார். "சந்தை நாளிலை கடையை விட்டிட்டுப் போறியோ? போனால் திரும்பி வராதை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, லட்சுமிக்குப் பக்கத்தில் தொங்கிய சேர்ட்டிபிக்கற்றைக் கழற்றினேன்.

"சரி, வரேல்லை. ஆனால் இது என்ரை. இதில்லாமல் நீங்கள் ஒரு தலையிடிக் குளிசையும் விக்க ஏலாது."

அக்காவைக் கூட்டிக்கொண்டு முதலாளியைத் தாண்டி நடந்தேன்.  வெளியே வந்தால், வரிசையில் நின்று என்னைத் திட்டிய அதே மனிதர் ஓடிப்போய் ஒரு வாடகைக் காரைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார். அலுமாரிக்குப் பின்னால் பேசியது முழுவதும் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

கொட்டிலில் அவர் கிடந்த கிடை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. வாயில் நுரை. மூச்சு விட்டு விட்டு வந்தது. கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி முதுகைக் கழுவினோம். சத்தம் கேட்டு அவருடைய தங்கை ஓடி வந்தாள். பெண் பார்க்க வருவதற்காகக் கட்டிய பட்டுச்சேலையோடு ஈர மண்ணில் குந்தி, அண்ணனின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சேலையைப் பற்றி அவள் ஒரு கணமும் நினைக்கவில்லை. உலர்ந்த சாரம் ஒன்றைச் சுற்றி அவரைக் காரில் ஏற்றினோம். பூச்சிமருந்துப் பேணியையும் சாக்கில் சுற்றி எடுத்து வரச் சொன்னேன்.

ஒழுங்கையால் பாதி தூரம்கூட வரவில்லை, எதிரே ஒரு கார். இரண்டு பக்கமும் கிடுகு வேலி. யாராவது ஒருவர் பின்னுக்கு எடுத்தால்தான் வழி. அந்தக் காரில் பட்டு வேட்டிகளும் மடியில் பழத்தட்டுகளுமாக ஆட்கள் இருந்தார்கள். பின்னேரம் வர வேண்டியவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார்கள். அக்கா சேலைத் தலைப்பால் கணவரின் முகத்தை மூடினார்.

அந்தக் காரில் இருந்து ஒரு பெரியவர் தலையை நீட்டி, தாங்கள் நல்ல காரியத்துக்குப் போகிறோம், நீங்கள் பின்னுக்கு எடுங்கள் என்றார். நான் இறங்கிப் போனேன். உள்ளே ஒரு உயிர் கிடக்கிறது, நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்றேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, வெறியோ?" என்று கேட்டார்.

"வெறியில்லை" என்றேன், ஒழுங்கை முழுக்கக் கேட்கட்டும் என்றே. "விடிய எழும்பித் தோட்டத்துக்கு மருந்தடிச்ச மனிசன். தோலாலை நஞ்சு ஏறியிருக்கு. நீங்கள் வாறியள் எண்டுதான் அவ்வளவு அவசரப்பட்டவர். இப்ப காரைப் பின்னுக்கு எடுங்கோ."

எடுத்தார்கள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த தலைகள் எல்லாவற்றுக்கும் விஷயம் விளங்கிவிட்டது. காருக்குத் திரும்பி வந்தபோது அக்கா கணவரின் முகத்தில் இருந்து சேலைத் தலைப்பை எடுத்திருந்தார்.

ஆசுப்பத்திரியில் டொக்டர் கேட்டவை நான் ஏற்கெனவே கேட்ட அதே கேள்விகள்தான். என்ன மருந்து, எப்போது அடித்தார், உடம்பில் பட்டதா, கழுவினீர்களா, வேறு ஏதாவது கொடுத்தீர்களா. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. பேணியைப் பார்த்துவிட்டு, கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, உடனே ஊசி போடத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் நுரை நின்றது. பிறகு மூச்சும் சீராக வந்தது. தப்பிவிடுவார் என்று சொன்னபோது அக்கா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். டொக்டர் என் பக்கம் திரும்பி, கையில் என்ன என்று கேட்டார். அதுவரை எனக்கு அந்த நினைவே இல்லை. சேர்ட்டிபிக்கற் என் கக்கத்துக்குள் இருந்தது. எங்கேயோ இடிபட்டு, கண்ணாடியில் ஒரு மூலை வெடித்திருந்தது.

"என்ரை வேலை, டொக்டர்" என்றேன். அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். மாப்பிள்ளை வீட்டார் சகுனம் சரியில்லை என்று ஒழுங்கை முகப்போடே திரும்பிப் போய்விட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்தத் தங்கை ஆசுப்பத்திரியில் வைத்து, போன கார் போனதாகவே இருக்கட்டும், எனக்கு அண்ணை இருந்தால் போதும் என்றாள். பிறகு அவளுக்கு வேறு நல்ல இடத்தில் நடந்ததாகக் கேள்விப்பட்டேன்.

அடுத்த நாள் காலை, இருக்கிற சாமான்களை எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம் என்றுதான் கடைக்குப் போனேன். நான் போன பிறகு கதவைப் பாதி சாத்திவிட்டு, யாருக்கும் ஒன்றும் விற்காமல் முதலாளி இருந்ததாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. பழைய ஆணி ஆடுகிறது, புதிதாக ஒன்று அடித்து வைத்திருக்கிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

நான் உடனே மாட்டவில்லை. அலுமாரிக்குப் பின்னால் இருக்கிற வாங்கு இனிமேல் பெட்டி வைக்க இல்லை, சனத்தை இருத்திக் கேட்க எனக்கு வேண்டும் என்றேன். நித்திரைக் குளிசை லாச்சியில் என் கையைத் தவிர வேறு கை படக் கூடாது என்றேன். அப்புக்காத்தோடு வழக்காட முடியுமா என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டிகளைத் தானே இறக்கினார். வெடித்த கண்ணாடியை மாற்றித் தருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். அது அப்படியே தொங்கட்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

சில மாதங்கள் கழித்து, வழக்கம் போல ஒருவரை நான் கேள்வி கேட்டுக்கொண்டு நின்றேன். குளிசை வாங்க வந்தால் குலம் கோத்திரம் எல்லாம் கேட்பீர்களோ என்று அவர் எரிந்து விழுந்தார். வரிசையின் கடைசியில் இருந்து ஒரு குரல் வந்தது. அந்த அக்கா.

"அண்ணை, அவ கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லுங்கோ. அண்டைக்கு என்னட்டைக் கேட்டபடியால்தான் இண்டைக்கும் நான் பொட்டு வைச்சிருக்கிறன்."

எரிந்து விழுந்தவர் வாங்கில் போய் இருந்தார். நேற்று விடிய எழும்பியதில் இருந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

வேலையை விட்டு வெகு காலம் ஆகிவிட்டது. இப்போது நான் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவள். சீட்டை வாங்கி, முகத்தைக்கூடப் பார்க்காமல் குளிசையை நீட்டுகிற தம்பிமாரிடம், என்னட்டை ஒன்றும் கேட்கவில்லையே என்று நானே கேட்கிறேன். கிழவிக்கு வேறு வேலையில்லை என்கிற மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். கேள்வி கேட்டதற்காக இந்த வாய் வாங்கிய வசவுகளை எல்லாம் ஒரு தட்டில் போட்டாலும், அன்று வரிசையின் கடைசியில் நின்ற அந்தக் குங்குமப் பொட்டுக்கு அவை ஈடாகாது.